ஒரு விரற்கடை இடம்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுநாலில், வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை இறங்குவதற்கு முன்னால் கல்லாற்றில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். "யோசுவா ஆட்டத்த நிப்பாட்டிட்டான் பாத்தியளா!" புதிதாக வந்தவன் கேட்டால், யாருக்கோ பேய் ஓட்டியிருக்கிறான் போலிருக்கிறது என்றுதான் நினைப்பான். யோசுவா பேயோட்டி இல்லை. தேயிலைக் கம்பெனியில் பிட்டர். அவன் நிறுத்தியது வண்டியின் ஆட்டத்தை.

பொன்முடி மலையின் அடியில் கம்பெனிக்கு ஒரு கீழ்ச் சாவடி இருந்தது. அங்கேயிருந்து கல்லாற்றுக் கிட்டங்கி வரைக்கும் ஆற்றை ஒட்டி ஒரு குட்டி ரயில் பாதை. ஏறும்போது இரண்டு காளைகள் இழுக்கும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் போதும், சரிவில் தானே வந்துவிடும். காலையில் கொழுந்து கிள்ளும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் அவர்களையும் தேயிலைப் பெட்டிகளையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கும். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துச் சாக்கைக்கு வருகிறதே, அது பெரிய லைன். இது சின்ன லைன். எவ்வளவு சின்னது என்றால், ராகேல் தன் ஈரச் சேலைத் தலைப்பைக் குறுக்கே விரித்துப் போட்டால் இரண்டு தண்டவாளமும் மூடிப்போகும்.

ராகேல் யோசுவாவின் வீட்டுக்காரி. நெய்யூர்ப் பக்கத்துப் பெண். யோசுவா முன்பு சாக்கையில் பெரிய லைன் ஷெட்டில் இருந்தவன். அங்கே ஆள் குறைத்தபோது இவனையும் குறைத்துவிட்டார்கள். மழைக்காலம் ஒன்று முழுக்க மரச்சீனிக் கிழங்கும் கண்ணீருமாகப் போனது. அப்போது, "வாருங்க அத்தான், இஞ்ச ஒரு வேல இருக்கு" என்று கூப்பிட்டுக் கம்பெனியில் சேர்த்துவிட்டவன் ராகேலின் தம்பி ராஜமணி. அவன் சின்ன லைனுக்கு மேஸ்திரி. கட்டைக்கு அடியில் கல் அடித்துத் தண்டவாளத்தை மட்டமாக வைத்திருப்பது அவன் பொறுப்பு. பக்கத்துப் பக்கத்து வீடு. தம்பி செய்த அந்த உதவி ராகேலின் வீட்டில் எல்லாக் குழம்பிலும் உப்பு மாதிரிக் கலந்திருந்தது. மத்தி வாங்கினால் பெரிய துண்டு தம்பி வீட்டுக்குத்தான் போகும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். சின்ன லைன் வண்டி ஆடும் ஆட்டம் இருக்கிறதே, அப்படியொரு ஆட்டம். பெண்கள் அதில் தூங்கிப் பழகிவிட்டார்கள். ஆனால் ஹெட் கிளார்க் வெங்கடேஸ்வரனுக்கு அது ஆகவில்லை. அவருக்கு வீடு திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளே. சனிக்கிழமை தோறும் அந்த வண்டியில் கல்லாறு இறங்கி, அங்கேயிருந்து வில்வண்டி பிடித்து ஊருக்குப் போவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்லாற்றில் இறங்கியதும் அவர் முதலில் தேடுவது ஒரு மரத்தடியை.

"டேய் யோசுவா, இது வண்டியா தொட்டிலா? நான் ஆத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள குடலே வெளில வந்துடறதுடா. பெரிய லைன்ல இருந்தவன்னு பேரு. இந்த ஆட்டத்தை நிறுத்தித் தா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெரிய லைன்காரன் என்று சொல்லிவிட்டாரல்லவா, யோசுவாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வண்டிப் பெட்டிக்கு அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக, நாலு நாலு சக்கரத்தோடு இரும்புச் சட்டம் இருக்கும். அதற்குப் போகி என்று பெயர். பெட்டி நடு ஆணியில் போகிமேல் உட்காரும். இரண்டு பக்கமும் தாங்கி உண்டு. அந்தத் தாங்கிக்கும் பெட்டிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுவார்கள். பெரிய லைனில் ஒரு காசு நுழைகிற இடம் இருந்தால் போதும், அதற்குமேல் இருந்தால் ஷெட்டில் திட்டு விழும். இங்கே பார்த்தால் யோசுவாவின் விரலே நுழைந்தது. 'சவத்துப் பயலுவ, எங்ஙன விட்டிருக்கானுவ பாரு' என்று சொல்லிக்கொண்டு, முன்போகிக்கு இரண்டு கனத்த தகடு, பின்போகிக்கு இரண்டு, அளவாக அறுத்து, அரத்தால் ராவி, பக்கத் தாங்கிமேல் வைத்து அந்த இடத்தை அடைத்தான்.

அந்தச் சனிக்கிழமை வண்டி ஆடாமல் பாறை மாதிரி இறங்கியது. வெங்கடேஸ்வரன் இறங்கி, மரத்தடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் யோசுவாவின் தோளைத் தட்டினார். தொட்டுத் தட்டினார்! அதை ராகேல் தன் கண்ணால் பார்த்தாள். தம்பி வாங்கிக் கொடுத்த வேலைக்குப் புருஷன் மரியாதை செய்துவிட்டான் என்று அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அன்றைக்குக் கருப்பட்டி கூடப் போட்டுக் காப்பி வைத்தாள்.

பிறகுதான் மழை வந்தது.

கல்லாற்று மழையைப் பற்றி வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பமாட்டான். அடுப்புக்குள் வைத்த விறகே நனைகிற மழை. ஆறு சிவந்து, பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு சாயங்காலம், வண்டி பெண்களோடு இறங்கிக்கொண்டிருந்தது. கிட்டங்கிக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றோடு ஒரு வளைவு வரும். அந்த வளைவில் முன்போகியின் சக்கரம் ஒன்று தண்டவாளத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. வண்டி சாய்ந்து ஆற்றை நோக்கிப் போய், கரையில் நின்ற பலா மரத்தில் மோதி நின்றது. அந்த மரம் மட்டும் இல்லாவிட்டால் அத்தனை பெண்களும் கல்லாற்றோடு போயிருப்பார்கள்.

சத்தம் கேட்டு ராகேல் ஓடினாள். பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தியாகக் கிடந்து அலறிக்கொண்டிருந்தார்கள். சிராய்ப்பும் வீக்கமுமாகப் பலரும் எழுந்துவிட்டார்கள். முத்தாரம்மாள் மட்டும் எழவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இந்த மலையில் கொழுந்து கிள்ளியே வயதானவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தெறித்துப் பாறைமேல் விழுந்ததில் அவள் வலது கை மேலெலும்பு முறிந்து, தோளும் விலகியிருந்தது.

"ஏ தாயி, கையி எங்க இருக்குன்னே தெரியல ளா" என்றாள். அவ்வளவு வலியிலும் அவள் அடுத்துக் கேட்டது, "ஒருத்தியும் ஆத்துல போகலல்லா?" என்பதுதான்.

நெய்யாற்றின்கரையிலிருந்து வர்ம ஆசான் வந்து எலும்பைக் கூட்டி, முட்டை வெள்ளையும் உளுந்தும் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். போகும்போது ராகேலைத் தனியே கூப்பிட்டு, "எலும்பு கூடும் மக்களே. பின்ன, தோளு அனங்குமான்னு கை தூக்குனாத்தான் தெரியும்" என்றார். கொழுந்து கிள்ளுகிறவளுக்குத் தோள்தான் எல்லாம். கிள்ளிய கொழுந்தைத் தோளுக்கு மேலே வீசித்தான் முதுகுக் கூடையில் போடவேண்டும். கை எழும்பாவிட்டால் மலையில் அவளுக்கு வேலையில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் மேலே தோட்டத்திலிருந்து கம்பெனித் துரை குதிரையில் வந்தார். வளைவைப் பார்த்தார். வெளிப்பக்கத்துத் தண்டவாளம் இரண்டு விரற்கடை தாழ்ந்து கிடந்தது. வேறெதையும் பார்க்கவில்லை. "லைன் மேஸ்திரி இந்த மாசத்தோடு போகட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு ராஜமணி அக்கா வீட்டு வாசலில் குத்த வைத்து உட்கார்ந்தவன் எழும்பவே இல்லை. அவன் பெண்டாட்டி எலிசாளுக்கு நிறைமாசம்.

"அக்கா, அந்த வளைவு எல்லா எடவப்பாதிக்கும் தாழத்தான் செய்யும். ஆத்தங்கரை மண்ணுல்லா? மழ விட்டதும் நான் கல்லடிச்சு ஏத்துவேன். எம்புட்டு வருஷமா நடக்கு! அஞ்சு வருஷம் முன்ன, தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல இந்தப் பாதையே பாம்பு மாதிரி நெளிஞ்சு கெடந்து. அப்பம் விழாத வண்டி இப்பம் எதுக்கு விழணும்?"

யோசுவாவுக்குச் சுருக்கென்றது. "எனக்க வண்டியையா குத்தம் சொல்லுக? வண்டி பாறை மாதிரி இருக்கு மச்சினா. வெங்கடேஸ்வரன் அய்யாகிட்டயே கேட்டுப் பாரு."

"நான் ஒண்ணும் குத்தம் சொல்லல அத்தான். கேட்டேன், அம்புட்டுதான்."

"கேக்கதுலயே குத்தம் இருக்கு."

ராகேல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் கட்டிக்கொண்டவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுடும். "கெழங்கு வெந்தாச்சு, ரெண்டு பேரும் வந்து தின்னுங்க" என்று மட்டும் சொன்னாள். கிழங்கும் நெத்தோலிக் கருவாடும் அப்படியே ஆறிப்போயின. தம்பி எழுந்து போய்விட்டான். அவன் அக்கா வீட்டில் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை. 'ஆண்டவரே, அந்தப் பொம்பளைக்கக் கையும் கூடணும், எனக்க தம்பிக்க வேலையும் போகப்பிடாது. ரெண்டையும் நீர்தான் பாக்கணும்' என்று அவள் விறகை ஊதிக்கொண்டே ஜெபம் பண்ணினாள். ஊதுகிறாளா, விம்முகிறாளா என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்காது.

தினமும் முத்தாரம்மாளுக்குக் கஞ்சி கொண்டுபோனது ராகேல்தான். கானப்பயிற்றுத் துவையலை விரலில் எடுத்து வாயில் வைப்பாள்.

"ஏளா, ஒன் தம்பிய அனுப்புதாவளாமே?" என்று ஒருநாள் முத்தாரம்மாள் கேட்டாள்.

"ஆமா எக்கா."

"நல்ல பய. மழையில கல்லு சுமந்து கால் ரெண்டும் சேத்துப்புண்ணு. அவன அனுப்பினா எங்கையி கூடிருமாக்கும்?" கொஞ்ச நேரம் மென்றாள். "ஒண்ணு சொல்லுதேன் கேளு. முன்ன எல்லாம் அந்த வளைவுல வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு, 'ஏ எஞ்சாமி'ன்னு கத்தறதுக்குள்ள நிமுந்துக்கிடும். அன்னைக்குச் சாயவே இல்ல ளா. நட்டுக்குத்தலா நின்னுது. நின்னமேனிக்கே ஏறிட்டு."

ராகேல் இதை வீட்டில் வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் கிழக்கே பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றான்.

மறுநாள் காலை வெயில் லேசாக அடித்தது. ராகேல் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். கரையிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற வழி ஒற்றையடிப் பாதை, முழுக்கவும் உருண்டைக் கல். தலையில் சும்மாடு, அதன்மேல் நிறை குடம். கையை வீசிக்கொண்டு அவள் பாட்டுக்கு ஏறினாள். யோசுவா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன், வாயில் கரியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"பிள்ளே, ஒருக்கக்கூடிப் போயிட்டு வா."

"என்னது?"

"கீழ போயி, திரும்ப ஏறி வா. எனக்கு ஒண்ணு பாக்கணும்."

"கெட்டி இத்தன வருஷத்துல இல்லாத பார்வ இப்பம் எதுக்கு? பைத்தியம் பிடிச்சுப் போச்சா உங்களுக்கு?" என்றாள். ஆனாலும் இறங்கி ஏறினாள். ஒரு கல் புரண்டது. அவள் கால் சாய்ந்தது, இடுப்பு மறுபக்கம் வளைந்தது, கழுத்து இளகிக்கொடுத்தது. குடம் மட்டும் அப்படியே வந்தது. ரெண்டு சொட்டு சிந்தியது, அவ்வளவுதான்.

"இப்பம் கழுத்தயும் இடுப்பயும் வெறைச்சுப் பிடிச்சுட்டு வா, பாப்போம்."

"கொடத்த ஒடைக்கவா?"

"ஒடையுமா?"

"பின்ன ஒடையாதா? மொதக் கல்லுலயே நானும் கொடமும் ஆத்துலதான் கெடப்போம். இதென்ன கேள்வி!"

யோசுவா வாய்கூடக் கொப்பளிக்காமல் வண்டி சாய்ந்து கிடந்த வளைவுப் பக்கம் ஓடினான். ராகேல் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கழித்து, கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தான். வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ராகேலு, வண்டிய விழவச்சது நாந்தான்."

"என்ன பறையுதிய?"

"கேளு. பெரிய லைன்ல சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் உண்டு. காலை அகட்டி வச்சு நிக்க சொமட்டுக்காரன மாதிரி. அவனுக்குக் கழுத்து வெறைச்சிருந்தாலும் விழமாட்டான். போகி நீளம், சக்கரம் பெருசு, வில்லு கனம், பாதையும் நல்ல மட்டம். அங்க ஆட்டத்த அடைக்கணும். சரிதான். சின்ன லைன் அப்படி இல்ல பிள்ளே. சக்கரம் அப்பம் சுடுக சட்டி மாதிரி இம்புட்டுதான். கால் ரெண்டும் சேந்து நிக்கு. சக்கரத்துக்கு உள்ள சட்டம் வைக்க இடம் இல்லாம வெளிய வச்சிருக்கு. மேல பெட்டி ரெண்டு பக்கமும் பிதுங்கி நிக்கு. வளைவு முறுக்கிக் கெடக்கும், தண்டவாளம் ஏறி எறங்கிக் கெடக்கும். போகி அதுக்குத் தக்கன தனியாச் சாஞ்சு கொடுக்கணும். அதுக்குத்தான் அந்த ஒரு வெரக்கடை இடம். விட்டவன் முட்டாள் இல்ல. அடைச்ச நாந்தான் முட்டாள்." கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தான். "இடத்த அடைச்சதும் போகி பெட்டியோட சேந்து வெறைச்சுப் போச்சு. தண்டவாளம் தாழ்ந்த இடத்துல சக்கரம் கூடத் தாழல. அந்தரத்துல நின்னு. பாரம் இல்லாத சக்கரம் வளைவுல ஏறாம என்ன செய்யும்? முத்தாரம்மா சொன்னது ஒக்கச் சரி. ஆடியிருந்தா விழுந்திருக்காது."

ராகேலுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்கவேண்டும். 'அப்பம் எனக்க தம்பி மேல குத்தமில்ல!' அந்தச் சந்தோஷம் வந்து உட்காருவதற்குள் பயம் வந்து அதைத் தள்ளிவிட்டது. அப்படியென்றால் குற்றம் யார் மேல்? யாரை அனுப்புவார்கள்? மறுபடியும் மழைக்காலக் கிழங்கு, மறுபடியும் அடுத்தவன் கூரை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்த மனுஷன் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று அவள் மனசு போனது. அவளும் மனுஷிதானே.

"தம்பி வீட்டுக்குப் போவோம், வாருங்க" என்று எழுந்தாள்.

அங்கே போனால், எலிசாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பானைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மியைக்கூடப் பெயர்த்து வாசலில் வைத்திருந்தாள். யோசுவா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

ராஜமணி, "அத்தான், நீங்க இத எங்கயும் பறையாண்டாம்" என்றான். "எனக்கு ஊருல ரெண்டு தெங்காவது உண்டு. உங்களுக்கு என்ன உண்டு? அக்கா பட்டது போதும். நான் போறேன்."

"நீ போகப்பிடாது மச்சினா. நான் செய்த தப்புக்கு..."

"தப்புன்னு தெரிஞ்சா செஞ்சிய?"

"தெரியாம செஞ்சாலும் கை ஒடிஞ்சது ஒடிஞ்சதுதானே?"

"போதும், நிறுத்துங்க ரெண்டு பேரும்!" ராகேல் போட்ட சத்தத்தில் எலிசாள் கையிலிருந்த பானையை நழுவவிட்டாள். "நீ போறேன், நான் போறேன்னு ரெண்டு பேரும் நல்லவனுவளா ஆயிருவிய. திங்கக்கெழம வண்டிய நிமுத்தித் திரும்ப ஓட்டப் போறாவளாமே, அந்த வளைவுல அத்தன பொண்ணுவளும் ஏறிப் போவாளுவளே, அவளுவளுக்கு யாரு சொல்லது? இந்தத் தடவ சக்க மரம் பிடிச்சு. அடுத்த தடவ எந்த மரம் பிடிக்கும்?"

அப்போதே மூன்று பேருமாகக் கீழ்ச் சாவடிக்கு நடந்தார்கள்.

வெங்கடேஸ்வரன் முழுக்கவும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"ஏண்டா, ஆடப்படாதுன்னு உனக்குச் சொன்னது யாரு?"

யோசுவா தரையைப் பார்த்தான்.

"சொல்லேண்டா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"...அய்யாதான்."

"அப்பறம்? குத்தம் எழுதறதானா என் பேரையும்னா சேத்து எழுதணும்! சனிக்கிழமை சனிக்கிழமை என் வயிறு பெரட்டறதேன்னு ஒரு பொம்மனாட்டி கையை ஒடிச்சிருக்கேனே. பத்மநாபா!" எழுந்து குடையை எடுத்தார். "மட்டக்குதிரையைக் கட்டச் சொல்லு. நானே மேல போய்த் துரைகிட்ட சொல்லிட்டு வரேன்."

"அய்யா, மழ வருகு..."

"வரட்டும். எனக்கு இது தேவைதான்."

அந்த மனுஷர் கொண்டையூசி வளைவுகளில், மழையில், குதிரைமேல் குடை பிடித்துக்கொண்டு பொன்முடிக்கு ஏறினார். திரும்பி வந்தபோது குடையில் கம்பிதான் பாக்கி. "வண்டியைச் சரிபண்ணி அதே வளைவுல ஓட்டிக் காட்டணுமாம்" என்றார் தும்மிக்கொண்டே. "ஓடினா எல்லாரும் இருக்கலாம். விழுந்தா எல்லாரும் போகலாம். எல்லாரும்னா நானும் சேத்திதான்."

யோசுவா தகடுகளை எடுத்துவிட்டு, பழைய விரற்கடை இடத்தைத் திரும்பவும் விட்டான். வளைவை மட்டமாக்கட்டுமா என்று ராஜமணி கேட்டதற்கு, "தொடாண்டாம், அப்படியே கெடக்கட்டும். அதுலதான் தெரியணும்" என்றான். பாரத்துக்குத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றினார்கள். பெண்கள் ஒருத்தியும் ஏறவில்லை. யார்தான் ஏறுவாள்? ராகேல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இன்னொருவரும் ஏறினார். வெங்கடேஸ்வரன்! கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

"முகர்ந்து பார்த்துண்டே வந்தா பெரட்டாதுன்னு ஆத்துக்காரி சொன்னா" என்றார். அவ்வளவு பயத்திலும் ராகேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யோசுவா பிரேக்கைப் பிடித்தான். வண்டி இறங்கியது. இறங்க இறங்க ஆட்டம் கூடியது. வளைவு வந்தது. ராஜமணி பலா மரத்தடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது ராகேலுக்குத் தெரிந்தது. முன்போகி குனிந்தது. பெட்டி ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. ராகேல் கண்ணை மூடினாள். கீழே இரும்பு ஒரு முனகு முனகியது. கண்ணைத் திறந்தபோது வண்டி நிமிர்ந்து, கிட்டங்கியை நோக்கி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ராஜமணி தொப்பியை மேலே வீசிக் கூவிக்கொண்டிருந்தான்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!" ராகேல் வாய்விட்டுக் கத்தினாள்.

வெங்கடேஸ்வரன் வாந்தி எடுத்தார். எலுமிச்சம்பழம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "ஆடட்டும்டா, நன்னா ஆடட்டும். நான் நடந்து போய்க்கறேன்."

ஒருவரும் வேலையிலிருந்து போகவில்லை. எலிசாள் பானைகளை அவிழ்த்தாள். அந்த வாரமே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ராகேல்தான் முதலில் கையில் வாங்கினாள். ஆனாலும் யோசுவாவின் முகம் தெளியவில்லை. முத்தாரம்மாளின் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவான். ஒருநாள் உள்ளே போய், தப்பு தன்னுடையதுதான் என்று அவளிடமே சொன்னான். அவள், "ராகேலு சொல்லிட்டா வே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவன் வீட்டில் வந்து அழுதான். ஆசான் சிம்பைப் பிரித்துவிட்டார். ராகேல் தினமும் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். கை முழங்கை வரைக்கும் மடங்கியது. தோளுக்கு மேலே எழும்பவில்லை.

புரட்டாசியில் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து கிறிஸ்தவச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் கைப்பாட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைக்கவேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து உபதேசியார் ஏலம் விடுவார். நேந்திரக் குலை, சேனைக் கிழங்கு, கோழி, முட்டை, தேன். ஏலத்துக்குச் சபைக்காரர்தான் வரவேண்டும் என்று இல்லை, ஊரே வரும். முத்தாரம்மாளும் வந்து ராகேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெங்கடேஸ்வரன்கூடச் சபைக்கு வெளியே மாமரத்தடியில் குடையோடு நின்றார். போன வருஷம் அந்த ஏலத்தில் எடுத்த தேன் நன்றாக இருந்ததாம்.

பிட்டருக்கு என்ன விளையும்? போன வருஷம் யோசுவா திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு போட்டான். இந்த வருஷம் ஒரு சாக்குத்துணியில் எதையோ சுற்றிக்கொண்டு போய் வைத்தான். உபதேசியார் அவிழ்த்தார். இரண்டு இரும்புத் தகடு. முன்போகியிலிருந்து எடுத்தது.

"இது என்ன விளைச்சல் யோசுவா?" என்றார் உபதேசியார்.

"இந்த வருஷம் எனக்க கையில விளைஞ்சது இதுதான் உபதேசியாரே. ஒரு ஜீவனும் போகாம காத்தாரே, அதுக்கு ஸ்தோத்திரம்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரி, ஏலத்துல வந்தாச்சு. கேக்கவன் கேக்கலாம்."

"ஒரு சக்கரம்!" ராஜமணி குரல் கொடுத்தான். "அது எனக்குத்தான். எனக்க லைன்ல போனது."

"ரெண்டு சக்கரம்" என்று மாமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். வெங்கடேஸ்வரன் குடையை ஆட்டினார். "அது என் மேஜைமேல இருக்கட்டும். தெரியாத காரியத்துல உத்தரவு போடறச்சே கண்ணுல படணுமோன்னோ."

"மூணு!"

"நாலு!"

தப்புக்கு இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த ஊரை உபதேசியார் அதற்குமுன் பார்த்ததில்லை. "நாலு சக்கரம், ஒருதரம். நாலு சக்கரம், ரெண்டுதரம். வேற யாராவது கையத் தூக்குறியளா?"

ராகேலின் பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். முத்தாரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. அவள் வலது கை மடியிலிருந்து எழுந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. நின்றது. நடுங்கியது. கை தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. தலைக்கு மேலே போய் நேராக நின்றது.

முற்றத்தில் கோழிகூடக் கத்தவில்லை.

"அஞ்சு" என்றாள் முத்தாரம்மாள். "அது எனக்குத்தான் வேணும். எங்கதவு காத்துல அடிச்சிக்கிடுது, முட்டுக் குடுக்கணும். என் வீட்டுல கெடந்தாத்தான் திரும்ப ஒருத்தனும் அத எடுத்து வண்டிக்குள்ள வைக்க மாட்டான்."

வெங்கடேஸ்வரன் மேலே கேட்கவில்லை. ராஜமணியும் கேட்கவில்லை. உபதேசியார் மூன்றுதரம் சொல்லி முடித்தார். யோசுவா தகடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"சவத்த, எந்திரி வே. ஆம்பள அழுதா மழ வரும். நாளைக்குக் கொழுந்து கிள்ளப் போவணும் எனக்கு" என்றாள் அவள்.

ராகேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முழங்கையைத் தாங்கினாள். "எக்கா, ஏலம் முடிஞ்சாச்சு. கைய எறக்குங்க."

"எறக்க மாட்டேன் ளா" என்றாள் முத்தாரம்மாள். "எம்புட்டு நாளைக்குப் பெறவு தூக்கியிருக்கேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."